பழைய எம்ஜி, ட்ரையம்ஃப் கார்களின் டாஷ்போர்டும் வயரிங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் எம்ஜிபி, எம்ஜி மிட்ஜெட், ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஆகிய பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார்களை வைத்திருப்பவர்கள் டாஷ்போர்டைக் கழற்றும் முன்னும், கழற்றிவிட்டுத் திகைத்து நிற்கும்போதும் கேட்பவை பெரும்பாலும் இந்தக் கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறோம். மூன்றுமே 1960களின் தொடக்கத்தில் வந்து, 70களின் முடிவு வரை தயாரிக்கப்பட்டவை. மூன்றிலும் லூகாஸ் மின்சாதனங்களும் ஸ்மித்ஸ் மீற்றர்களுமே இருக்கின்றன. அதனால் ஒன்றுக்குச் சொன்னது மற்றதற்கும் பெரும்பாலும் பொருந்தும்.

வயரிங் முழுக்க மாத்தத்தான் வேணுமா? பழுதான வயர மட்டும் மாத்தினா போதாதா?

வெட்டிப் பார்த்தால் தெரியும். ஹெட்லைட்டுக்குப் பின்னால் உள்ள ஒரு வயரை எடுத்து, நுனியிலிருந்து 3 சென்ரிமீற்றர் உள்ளே தோலை உரித்துப் பாருங்கள். செம்பு பளபளப்பாக இருந்தால் நுனியை மட்டும் வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டால் போதும். கறுத்திருந்தால் இன்னும் 10 சென்ரிமீற்றர் தள்ளி உரியுங்கள். அங்கேயும் கறுப்பென்றால் அந்த வயர் முழுவதும் போய்விட்டது. கறுத்த செம்பில் சோல்டரும் ஒட்டாது, கிரிம்பும் (டெர்மினலை நசுக்கிப் பிடிக்க வைப்பது) நிற்காது. வெள்ளவத்தை, கொள்ளுப்பிட்டி போலக் கடலோரத்தில் நின்ற கார்களில் நுனிகள்தான் முதலில் போகும். நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

வயரை விரலில் மடித்துப் பிடிக்கும்போது தோல் வெடித்தால், நூல் பின்னிய பழைய உறை கையில் உதிர்ந்தால், எலி கடித்த தடம் மூன்று நான்கு இடங்களில் இருந்தால், முழுதாக மாற்றுவதுதான் மலிவு. துண்டு துண்டாக ஒட்டுப்போட்ட ஹார்னஸில் (வயர்க் கட்டில்) ஒவ்வொரு ஒட்டும் நாளைக்கு ஒரு பழுதாகும்.

டாஷ்போர்டை முதல்ல வடிவாச் செய்துட்டு, வயரிங்க பிறகு பார்க்கலாமா?

வேண்டாம். வயரிங்தான் முதலில். டாஷ்போர்டு கழன்றிருக்கும்போது கை புகும் இடம், அது பூட்டிய பிறகு கிடைக்காது. ஸ்பிட்ஃபயரில் பொனட் முழுதாகத் திறப்பதால் முன்பக்கம் இலேசு. ஆனால் மிட்ஜெட்டில் மீற்றர்களுக்குப் பின்னால் தலைகீழாகப் படுத்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

ஒழுங்கு இப்படி இருக்கட்டும்: பற்றரியைக் கழற்றுங்கள். ஒவ்வொரு இணைப்பையும் கழற்றும் முன் படம் எடுங்கள். மாஸ்கிங் டேப்பில் "ஹோர்ன்", "வைப்பர் 2" என்று எழுதி வயரில் ஒட்டுங்கள். பிறகு ஏர்த் (மின்சாரம் காரின் இரும்பு உடலான பொடி வழியாகப் பற்றரிக்குத் திரும்பும் இணைப்பு), பியூஸ், ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்), சார்ஜிங், கடைசியில் மீற்றர்கள். பலகை வேலை இவை ஓடிக்கொண்டிருக்கும்போதே தச்சுப் பட்டறையில் நடக்கலாம்.

கழற்றும்போது ஒன்றை மறக்காதீர்கள். எம்ஜிபி, மிட்ஜெட் பலவற்றில் ஹீட் மீற்றரும் ஒயில் மீற்றரும் ஒரே டயலில் இருக்கும். ஹீட் மீற்றரிலிருந்து எஞ்சின் ஹெட்டுக்குப் போவது வயரல்ல, உள்ளே திரவம் அடைத்த மெல்லிய குழாய். அதை மடித்தாலோ வெட்டினாலோ மீற்றர் செத்துவிடும். எஞ்சின் பக்க நட்டை முதலில் கழற்றி, குழாயைச் சுருளாக வைத்து, மீற்றரோடு சேர்த்து வெளியே எடுங்கள்.

என்ர கார் பொசிட்டிவ் ஏர்த் எண்டு சொல்றாங்க. அது என்ன, மாத்தணுமா?

பற்றரியின் கூட்டல் முனை பொடியோடு இணைந்திருந்தால் அது பொசிட்டிவ் ஏர்த். எம்ஜிபி 1967 கடைசி வரை அப்படித்தான் வந்தது. பின்னர் நெகட்டிவ் ஏர்த்துக்கும் ஓல்டர்னேட்டருக்கும் மாறியது. ஆண்டை நம்பி முடிவு செய்யாதீர்கள். இடையில் யாராவது மாற்றியிருக்கலாம். பொடிக்குப் போகும் கேபிள் பற்றரியின் எந்த முனையிலிருந்து போகிறது என்று பார்த்து உறுதி செய்யுங்கள்.

ஓல்டர்னேட்டர், எலக்ட்ரோனிக் இக்னிஷன், எல்ஈடி, யூஎஸ்பி சார்ஜர் எதுவும் போடும் எண்ணம் இருந்தால் மாற்றுங்கள். பற்றரியைச் சார்ஜ் செய்யும் பழைய டைனமோவை வைத்துக்கொண்டே மாற்றலாம். பற்றரியைத் திருப்பி வைத்து, இக்னிஷன் கொயிலின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றி, பிறகு டைனமோவின் எஃப் முனையிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, அந்த முனையைப் பற்றரியின் லைவ் முனையோடு ஒரு வயரால் ஓரிரு வினாடி தொட வேண்டும். பொறி பறக்கும், பயப்பட வேண்டாம். டைனமோ புதிய திசையைப் பிடித்துக்கொள்ளும். பழைய ரேடியோவையும் ஆர்பிஎம் மீற்றரையும் அப்படியே விட்டால் கருகும். மீற்றர் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

வயர் நிறங்களுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கா? வயரிங் பாஸ் எல்லாத்தையும் சிவப்பு, கறுப்பு வயரிலயே செய்து தாறன் எண்டார்.

அப்படிச் செய்ய விடாதீர்கள். லூகாஸ் நிறங்கள் இந்தக் கார்களின் மொழி. கபிலம் என்றால் பற்றரியிலிருந்து பியூஸ் இல்லாமல் நேராக வருவது. வெள்ளை, திறப்பைத் திருப்பியதும் உயிர்பெறுவது. பச்சை, அதே மின்சாரம் பியூஸ் தாண்டி வருவது. ஊதா, பியூஸ் உண்டு ஆனால் எப்போதும் உயிரோடு இருப்பது. சிவப்பு பார்க் லைட், நீலம் ஹெட்லைட், கறுப்பு ஏர்த்.

இரண்டாவது நிறக் கோடு எந்தச் சாதனம் என்பதைச் சொல்லும். நீலத்தில் வெள்ளைக் கோடு ஹை பீம், நீலத்தில் சிவப்பு டிம். பச்சையில் சிவப்பு இடது சிக்னல், பச்சையில் வெள்ளை வலது சிக்னல். பச்சையில் ஊதா பிரேக் லைட், பச்சையில் கறுப்பு பெற்றோல் மீற்றர். கபிலத்தில் மஞ்சள் சார்ஜ் லைட். பத்து வருடம் கழித்து மழை இரவில் தெருவோரம் நின்று பழுது தேடும் ஒருவருக்கு இந்தப் பட்டியல் மட்டும் போதும். எல்லாம் சிவப்பாக இருந்தால் அவருக்கு எதுவும் தெரியாது.

எவ்வளவு தடிப்பு வயர் போடணும்? வீட்டு வயர் பாவிக்கலாமா?

வீட்டுச் சுவரில் போடும் ஒற்றைக் கம்பி வயர் அதிர்வில் முறிந்துவிடும். காருக்குள் அதற்கு இடமில்லை. பல இழை கொண்ட வாகன வயர்தான் வேண்டும். பிரித்தானிய அளவில் 0.30 மில்லிமீற்றர் இழைகள் எத்தனை என்று எழுதியிருக்கும். 14 இழை, அதாவது 1 சதுர மில்லிமீற்றர், 8.75 அம்பியர் தாங்கும்: சிக்னல், பிரேக் லைட், மீற்றர்களுக்கு இது. 28 இழை, 2 சதுர மில்லிமீற்றர், 17.5 அம்பியர்: ஹெட்லைட், ஹோர்ன், ரேடியேட்டர் பேன். 84 இழை, 6 சதுர மில்லிமீற்றர், 42 அம்பியர்: ஓல்டர்னேட்டரிலிருந்து வரும் பிரதான கபில வயர்.

கொழும்பின் வாகன உதிரிப்பாகக் கடைத்தெருவான பஞ்சிகாவத்தையில் பெரும்பாலும் கிடைப்பது ஜப்பானிய அளவு. அங்கே 0.85, 1.25, 2 என்று கேட்டு வாங்குங்கள். சந்தேகம் வந்தால் ஒரு படி தடிப்பாக எடுங்கள். வெட்டிய ஜப்பான் காரின் ஹார்னஸிலிருந்து உருவிய வயரும் தரமானதுதான், நுனிகளில் களிம்பு இல்லாவிட்டால்.

பழைய பியூஸ்ல 35 அம்பியர் எண்டு இருக்கு. புது பிளேட் பியூஸும் 35 தானே போடணும்?

இந்தத் தவறால் வயரிங் எரிந்த கார்கள் நிறைய. லூகாஸ் கண்ணாடி பியூஸில் எழுதியிருக்கும் 35 அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 அம்பியர்தான். பிளேட் பியூஸில் எழுதியிருப்பதோ தொடர்ந்து தாங்கும் அளவு. 35 போட்டால், மேலே சொன்ன 17.5 அம்பியர் வயர் பியூஸுக்கு முன்னரே உருகும். 15 அல்லது 20 போடுங்கள். பியூஸ் திரும்பத் திரும்பப் போனால் பெரியதை மாட்டாதீர்கள், வெள்ளித்தாளும் சுற்றாதீர்கள். எங்கோ வயர் பொடியில் உரசுகிறது.

அசல் எம்ஜிபியில் பியூஸ் பெட்டியே மிகச் சிறியது. ஹெட்லைட்டுக்குப் பியூஸே கிடையாது. டாஷ்போர்டு கழன்றிருக்கும் இந்த நேரத்தில் எட்டு அல்லது பத்து வழி பிளேட் பியூஸ் பெட்டி போட்டு, ஹை பீம், டிம், ஹோர்ன், வைப்பர், சிக்னலும் பிரேக்கும், பேன், மீற்றர்கள் என்று பிரியுங்கள். கொயிலை வேறெதனோடும் ஒரே பியூஸில் சேர்க்காதீர்கள். வைப்பர் பழுதாகிக் காலி வீதி நடுவில் எஞ்சின் நிற்கக் கூடாது. உள்ளே போகும் பிரதான கபில வயருக்கு ஸ்டார்ட்டர் சொலினோய்ட் அருகிலேயே 40 அம்பியர் பியூஸ் ஒன்று வையுங்கள்.

ஹெட்லைட் மெழுகுதிரி மாதிரி எரியுது. எச் 4 பல்ப் போட்டும் சரிவரல்ல.

பல்ப்பில் குற்றமில்லை. 60 வாட் இரண்டு என்றால் ஏறக்குறைய 9 அம்பியர். அந்த மின்சாரம் முழுவதும் டாஷ்போர்டுச் சுவிட்ச், டிம் சுவிட்ச், அரை நூற்றாண்டுப் பழைய கனெக்டர்கள் எல்லாம் தாண்டித்தான் விளக்குக்கு வருகிறது. லைட்டைப் போட்டு, எஞ்சின் ஓடும்போது பற்றரியிலும் பல்ப்பிலும் அளந்து பாருங்கள். பற்றரியில் 13.5 வோல்ட், பல்ப்பில் 12 என்றால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே போய்விட்டது.

இரண்டு ரிலே போடுங்கள், ஹை பீமுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று. 30 முனைக்குப் பற்றரியிலிருந்து 15 அம்பியர் பியூஸ் வழியாக 2 சதுர மில்லிமீற்றர் வயர். 87 இலிருந்து விளக்குகளுக்கு. 86 இற்குப் பழைய நீல-வெள்ளை அல்லது நீல-சிவப்பு வயர். 85 ஏர்த். விளக்கின் ஏர்த்துக்கும் அதே தடிப்பு வயர். இப்போது சுவிட்சில் ஓடுவது கால் அம்பியரும் இல்லை. சுவிட்சும் நீண்ட காலம் உழைக்கும். டொயோட்டாவிலிருந்து கழற்றிய ரிலே என்றால் எண்கள் வேறு: 1, 2 ரிலேயின் உள் கொயில், 3, 5 சுவிட்ச்.

சோல்டர் பண்ணினா கூட உறுதி தானே? ஏன் கிரிம்ப் பண்ணச் சொல்றீங்க?

சோல்டர் உருகி இழைகளுக்குள் ஏறி வயரைக் கம்பி போல இறுக்கிவிடும். அந்த இறுக்கம் முடியும் இடத்தில் அதிர்வு சேர்ந்து வயர் முறியும். நல்ல ராட்செட் கிரிம்பிங் டூலில் வயரின் தோலையும் செம்பையும் தனித்தனியாகப் பிடிக்கும் டெர்மினல் போட்டால் இந்தப் பிரச்சினை இல்லை. சிவப்பு, நீலம், மஞ்சள் பிளாஸ்டிக் கழுத்து வைத்த மலிவு டெர்மினலை இந்த ஊர் ஈரப்பதனில் நம்ப வேண்டாம்.

உள்ளே பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் போட்டுச் சூடாக்கினால் ஓரத்தில் பசை துளியாக எட்டிப் பார்க்கும். அது தெரிந்தால் தண்ணீர் புகாது. கனெக்டருக்குள் சிறிது சிலிகோன் கிரீஸ் தடவுங்கள். கறுப்பு ஒட்டு டேப்பை இன்சுலேஷனாகச் சுற்றாதீர்கள். வெயிலில் நின்ற காருக்குள் பசை இளகி, டேப் தானாகவே அவிழும்.

புது மரப்பலகை டாஷ்போர்டு போட்டதிலிருந்து சிக்னல் போடேக்க பெற்றோல் முள்ளும் சேர்ந்து ஆடுது. மீற்றர் போச்சா?

மீற்றருக்கு ஒன்றுமில்லை, ஏர்த் போய்விட்டது. பழைய டாஷ்போர்டு இரும்புத் தகடு; மீற்றரின் உடல் தகட்டைத் தொட்டே ஏர்த் எடுத்தது. மரம் மின்சாரம் கடத்தாது. ஏர்த் கிடைக்காத மின்சாரம் அடுத்த பல்ப்பின் வழியாகத் திரும்ப வழி தேடுகிறது, அதனால்தான் சிக்னல் துடிப்பில் முள் ஆடுகிறது. ஒரு கறுப்பு வயரை எடுத்து எல்லா மீற்றரின் பின்பக்கத் திருகாணிகளையும், விளக்குத் தாங்கிகளையும், சுவிட்ச் வெளிச்சத்தையும் சங்கிலியாக இணைத்து, சங்கிலியின் இரண்டு முனைகளையும் பொடியில் வெவ்வேறு போல்ட்டில் கட்டுங்கள். ஒரு முனை கழன்றாலும் மற்றது வேலை செய்யும்.

போல்ட் தொடும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரிய வேண்டும். இறுக்கிய பிறகு மேலே கிரீஸ். ஹெட்லைட்டைப் போட்டு மீற்றர் உடலுக்கும் பற்றரி நெகட்டிவுக்கும் இடையே அளந்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. எஞ்சினுக்கும் பொடிக்கும் இடையே உள்ள பின்னல் பட்டையையும் இப்போதே பாருங்கள். அது அறுந்திருந்தால் ஸ்டார்ட்டரின் மின்சாரம் சோக் கேபிள் வழியாகத் திரும்பும். கேபிள் சிவக்கச் சூடாகிப் புகையும்.

பெற்றோல் மீற்றரும் ஹீட் மீற்றரும் ரெண்டுமே கூடக் காட்டுது.

ஒன்று மட்டும் பிழை என்றால் அதன் சென்டரை (தொட்டியிலோ எஞ்சினிலோ இருந்து அளவை அனுப்பும் கருவியை) பாருங்கள். இரண்டும் சேர்ந்து கூடினால் ஸ்டெபிலைசர். டாஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டியை விடச் சிறிய ஒரு தகரப் பெட்டி அது. 12 வோல்ட்டைத் துண்டித்துத் துண்டித்துச் சராசரி 10 வோல்ட்டாக மீற்றர்களுக்குக் கொடுக்கிறது. அதன் உடலுக்கு ஏர்த் இல்லாவிட்டால் துண்டிக்காமல் முழு வோல்ட்டையும் விட்டுவிடும். ஆகவே மேலே சொன்ன கறுப்புச் சங்கிலியில் இதையும் சேர்த்துவிட்டுத்தான் புதியது வாங்க வேண்டுமா என்று யோசியுங்கள். எலக்ட்ரோனிக் வகையில் வாங்கினால் ஏர்த் திசைக்கேற்ப வாங்க வேண்டும். குழாய் வைத்த ஹீட் மீற்றருக்கு இது எதுவும் பொருந்தாது.

எலக்ட்ரோனிக் இக்னிஷன் போட்ட பிறகு ஆர்பிஎம் மீற்றர் செத்துப்போச்சு.

டயலின் அடியில் உள்ள சின்ன எழுத்தைப் பாருங்கள். ஆர்விஐ என்று தொடங்கினால் அது மின்னோட்டத்தை உணரும் வகை: கொயிலுக்குப் போகும் வெள்ளை வயர் மீற்றரின் பின்னால் ஒரு வளையம் சுற்றிப் போகும். அந்த வளையத்தின் திசை தலைகீழானால் முள் அசையாது. சில எலக்ட்ரோனிக் இக்னிஷன்களோடு அது தாறுமாறாகத் துள்ளும். ஆர்விசி என்றிருந்தால் கொயிலின் நெகட்டிவ் முனைக்கு ஒரு வெள்ளை-கறுப்பு வயர் போனால் போதும்.

ஆர்விஐ மீற்றரின் உள்ளே புதிய சர்க்கிட் வைத்து, நெகட்டிவ் ஏர்த்துக்கும் எலக்ட்ரோனிக் இக்னிஷனுக்கும் ஏற்றதாக மாற்றலாம். அசல் முகமும் முள்ளும் அப்படியே இருக்கும். எங்கள் விருப்பம் அதுதான்.

டைனமோவைக் கழற்றி ஜப்பான் ஓல்டர்னேட்டர் போடலாமா?

கொழும்பு நெரிசலுக்கு நிச்சயம் போடுங்கள். லூகாஸ் சி40 டைனமோவின் உச்சம் 22 அம்பியர். ஐட்லிங்கில் அது அனேகமாக ஒன்றும் தராது. பேனும் ஹெட்லைட்டும் வைப்பரும் ஓடினால் பற்றரியிலிருந்துதான் எடுக்கும். நெகட்டிவ் ஏர்த் முதலில். இல்லாவிட்டால் டயோடுகள் அந்தக் கணமே போய்விடும். டைனமோவின் பழைய கட்டுப்பாட்டுப் பெட்டியின் கபில வயர்களை ஒன்றாக்கி, ஓல்டர்னேட்டரின் பி முனையிலிருந்து 6 சதுர மில்லிமீற்றர் புது வயர் இழுங்கள். டென்சோ வகையில் ஐஜி முனைக்குத் திறப்பு வழி மின்சாரம், எல் முனைக்குச் சார்ஜ் லைட், எஸ் முனை பற்றரிக்கு. ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வர வேண்டும்.

டாஷ்போர்டில் அம்மீற்றர் இருந்தால் எடுத்துவிட்டு 52 மில்லிமீற்றர் வோல்ட்மீற்றர் வையுங்கள். காரின் அத்தனை மின்சாரமும் டாஷ்போர்டுக்குள் வந்து போக வேண்டியதில்லை.

டாஷ்போர்டு பல்ப் எல்லாம் எல்ஈடி ஆக்கினேன். இப்ப சார்ஜ் ஆகுதில்ல.

சார்ஜ் லைட்டை மட்டும் பழைய 2.2 வாட் பல்ப்புக்கே மாற்றுங்கள். லூகாஸ் ஓல்டர்னேட்டருக்கு அந்தப் பல்ப் வழியாக வரும் சிறு மின்சாரம்தான் தொடக்கம் கொடுக்கிறது. எல்ஈடி அதைத் தராது. சிக்னலில் எல்ஈடி போட்டால் வெப்பத்தில் இயங்கும் பழைய பிளாஷரும் துடிக்காது. எலக்ட்ரோனிக் பிளாஷர் ஒன்று வாங்குங்கள்.

டாஷ்போர்டுக்கு எந்தப் பலகை? எம்டிஎஃப் வெட்டி வெனியர் ஒட்டினா நிக்குமா?

திறந்த காரில் நிற்காது. ஒரு மழை உள்ளே அடித்தால் எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) ஓரம் பொங்கும். 6 மில்லிமீற்றர் மரைன் பிளை எடுத்து, தேக்கு அல்லது வோல்நட் வெனியரை (மெல்லிய மரத்தாளை) எபொக்சியில் ஒட்டுங்கள். முன்பக்கம் ஒட்டினால் பின்பக்கமும் ஏதாவது ஒரு வெனியர் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் பலகை வளையும். எல்லாத் துளைகளையும் வெட்டிய பிறகே வார்னிஷ். துளையின் உள்விளிம்புக்கும் சேர்த்துப் பூசுங்கள், ஈரம் அங்கேதான் புகும். சூரியக் கதிரைத் தாங்கும் பொலியூரெதேன் ஆறு பூச்சு, இடையிடையே நீர் விட்டு மெல்லிய சாண்ட் பேப்பர்.

சிறிய மீற்றர்களுக்குத் துளை 52 மில்லிமீற்றர். பெரியவற்றை ஒவ்வொன்றாக அளந்து வெட்டுங்கள். பலகையை ஸ்டியரிங், சுவிட்ச் நெம்புகோல்கள் எல்லாம் தடையின்றித் திரும்பும்படி காரில் வைத்துப் பார்த்த பிறகே வெனியர் ஒட்டுங்கள். மரம் வேண்டாம் என்பவர்களுக்குப் பழைய தகட்டைச் சுரண்டிக் கறுப்புச் சுருக்கப் பெயின்ட் அடிப்பதும், குஷன் வேலைக் கடையில் ரெக்ஸின் ஒட்டுவதும் இரண்டுமே அழகு. ஏர்த் தொல்லையும் குறையும்.

மைல் ஸ்பீடோமீற்றரை கிலோமீற்றர் ஆக்கலாமா? டிஜிட்டல் டாஷ் எப்படி?

டயலில் 1280 போன்ற ஒரு சிறு எண் இருக்கும். ஒரு மைலுக்குக் கேபிள் அத்தனை சுற்று என்று பொருள். வேறு காரின் மீற்றரையோ வேறு அளவு டயரையோ போட்டால் இந்தக் கணக்கு குழம்பும். அசல் மீற்றரைப் பழுதுபார்த்து, டயலை மட்டும் கிலோமீற்றரில் மறு அச்சிடுவது நல்லது. அதுவரை 31, 62 இடங்களில் சிறு புள்ளி வையுங்கள்; மணிக்கு 50, 100 கிலோமீற்றர் அவை.

டிஜிட்டல் டாஷ் போடலாம். ஆனால் பெற்றோல் சென்டரின் தடையைத் தொட்டி காலியாக இருக்கும்போதும் நிறைந்திருக்கும்போதும் அளந்து, அதை ஏற்கும் கருவியையே வாங்குங்கள். உச்சி வெயிலில் கூரையில்லாத காரில் பல திரைகள் வாசிக்கவே முடியாது. அசல் ஸ்மித்ஸ் முகங்களைக் கழற்றி எறிவதை நாங்கள் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டோம்.

இரவு நல்லா இருந்த பற்றரி காலையில செத்துக்கிடக்கு.

எல்லாவற்றையும் அணைத்து, பற்றரி நெகட்டிவைக் கழற்றி, இடையில் மல்டிமீற்றரை 10 அம்பியர் அளவில் வையுங்கள். 50 மில்லி அம்பியருக்கு மேல் ஓடினால் பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுக்கும்போது எண் விழுகிறதோ அந்தச் சுற்றில் பழுது. எல்லாம் எடுத்தும் விழாவிட்டால் ஓல்டர்னேட்டர் பிளக்கைக் கழற்றுங்கள், டயோடு கசியலாம். மீற்றர் இடையில் இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணாதீர்கள்.

எல்லாம் முடிஞ்சுது. பற்றரிய மாட்டப் பயமா இருக்கு.

நேரே மாட்டாதீர்கள். 21 வாட் பிரேக் பல்ப் ஒன்றைத் தாங்கியில் போட்டு, பற்றரி நெகட்டிவுக்கும் ஏர்த் கேபிளுக்கும் இடையில் தொடராக இணையுங்கள். அதன் வழியாக 2 அம்பியருக்கு மேல் ஓட முடியாது என்பதால் எந்த வயரும் எரியாது. சுவிட்ச் எல்லாம் அணைந்திருக்கையில் பல்ப் முழுப் பிரகாசமாக எரிந்தால் எங்கோ ஷோர்ட். மங்கலாக எரிந்தால் ஏதோ ஒன்று போட்டபடி இருக்கிறது. இருண்டே இருந்தால் திறப்பைத் திருப்புங்கள், பார்க் லைட்டைப் போடுங்கள், ஒவ்வொரு சுவிட்சாகப் பாருங்கள். பல்ப் கொஞ்சமாக ஒளிர வேண்டும்; ஹெட்லைட் போல மின்சாரம் அதிகம் எடுப்பவற்றுக்கு நன்றாகவே எரியும். ஸ்டார்ட்டரை மட்டும் தொடாதீர்கள்.

பிறகு பல்ப்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கையால் திருகும் பற்றரி கட் ஓஃப் சுவிட்ச் ஒன்றை நிரந்தரமாகப் போடுங்கள். மஹகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப் போட்டிக்கோ கட்டுக்குருந்தைப் பந்தயத்துக்கோ போகும் எண்ணம் இல்லாவிட்டாலும் அது வேண்டும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். புகை வந்தால் முதலில் எஞ்சினை நிறுத்தி அதைத் திருகுங்கள். எஞ்சின் ஓடும்போது பற்றரியைத் துண்டித்தால் ஓல்டர்னேட்டர் போய்விடும். பொனட்டைத் திறப்பது அதற்குப் பிறகு.